காந்திமதியின் காது

காந்திமதிக்குச் சாமி பேரைச் சொல்லிப் பழக்கம் கிடையாது, கேட்டுத்தான் பழக்கம். அதுவும் கோயிலில் கைகூப்பி நின்று கேட்டதில்லை. குழி விளிம்பில் குந்தி, முந்தானையை இடுப்பில் செருகி, வடக்கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுவருகிறாள்.

அவள் புருஷன் நாகப்பனுக்குக் குழிக்குள் சிமென்ட் உறை இறக்குகிற வேலை. முதலில் கிணற்றுக்கு இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்தபிறகு கிணறு வெட்ட ஆளில்லை. செப்டிக் டேங்குக்கு ஆள் வரிசையில் நின்றது. தெற்கத்திப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்க இறங்க, அவர்களுக்கு ரூம் கட்ட, ரூமுக்குக் கக்கூஸ் கட்ட, கக்கூஸுக்குக் குழி எடுக்க என்று மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை அவனுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. தொழில் வளர்ச்சி தொழில் வளர்ச்சி என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, அதன் அடித்தளத்தை நேரில் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

குழிக்குள் இறங்குகிறவன் வாய் மூடக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். உள்ளே சில இடத்தில் கெட்ட காற்று நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் சமயத்தில் தெரியாது. ஆள் மயங்கிச் சரிவது மேலே இருப்பவர்களுக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் இறங்கியதிலிருந்து ஏறும்வரை ஏதாவது ஒரு சாமி பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மூச்சு நேரம் பேர் வரவில்லை என்றால், என்ன ஏது என்று விசாரிக்காமல் கயிற்றை இழுத்துவிட வேண்டும். ஏன் சாமி பேர்? சினிமாப் பாட்டுப் பாடினால் நடுவில் வரி மறந்து நின்றுவிடுவான். ஒன்று இரண்டு என்று எண்ணினால் எங்கே விட்டோம் என்று யோசிப்பான். 'முருகா' மறக்காது. அதில் பக்தி எத்தனை பங்கு, பயம் எத்தனை பங்கு என்று நாகப்பன் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்த மூன்றெழுத்தில் காந்திமதிக்கு எல்லாம் தெரியும். இழுத்துச் சொன்னால் உறை நேராக இறங்குகிறது. வெட்டிச் சொன்னால் பாறை தட்டியிருக்கிறது. முணுமுணுத்தால் பீடி வேண்டும். பக்கத்தில் வந்து யாராவது பேச்சுக் கொடுத்தால் கை காட்டி அடக்கிவிடுவாள். கர்வம் பிடித்தவள் என்று ஹாஸ்டல் ஓனர்கள் சொல்வார்கள். அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மண்ணூருக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் நடுவில் ஓர் ஆசிரமம் இருந்தது. அங்கே இருந்த சாமியாரை ஊர்க்காரர்கள் ஏரிக்கரை சாமி என்பார்கள். தகரக் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டீ கிளாஸ், அவ்வளவுதான் சொத்து. யார் போய் என்ன குறை சொன்னாலும், "பேரைச் சொல்லிக்கினு இரு" என்பார். எந்தப் பேர் சாமி என்று கேட்டால், "உன் வாயில எது வருதோ அது" என்று டீயைக் குடிக்கப் போய்விடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசிரமத்துக்கு உறை இறக்கியபோது, சாமி வந்து குழியோரம் நின்று வெகுநேரம் கேட்டார்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரன் விடாம சொல்றானே. பெரிய பக்தனா?" என்றார்.

"பக்தியும் இல்ல, ஒன்னும் இல்ல சாமி. உசுரோட கீறாரா இல்லியான்னு எனக்குத் தெரியணும் இல்ல? அதுக்குத்தான்."

சாமி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "நான் மட்டும் வேற எதுக்கும்மா சொல்றேன்?" என்றார். பெரிய மனுஷர்கள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம் என்று காந்திமதி அதை அப்போதே விட்டுவிட்டாள். ஆனால் அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போனது.

'உன் வாயில எது வருதோ அது' என்பதெல்லாம் ஒரு சிஸ்டமா? அப்படித்தான் நினைத்தார் வெங்கடேசன். உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் பிளான்ட் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆசிரமத்துக்கு டிரஸ்ட் வைத்து, அதற்குத் தலைவரும் ஆனார். ஏரிக்கரை சாமியை 'ஸ்ரீலஸ்ரீ நாமானந்த தேசிக சுவாமிகள்' ஆக்கினார். ஆளுக்கொரு பேர் சொன்னால் தரம் நிற்காது என்று 'ஓம் நமசிவாய' ஒன்றையே நிலையாக்கினார். நாமம் சொல்ல ஒரு சங்கம்; அதில் சேருகிறவர்களுக்கெல்லாம் விரலில் மாட்டுகிற எண்ணும் மெஷின். வாசலில் கரும்பலகை: இன்றைய இலக்கு, ஆனது, பாக்கி. ஒரு நாமத்துக்கு ஒன்றே கால் விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னார். மாதத்தில் அதிகம் சொன்னவருக்கு வாசலில் போட்டோ. போன வைகாசியில் அந்தப் போட்டோவில் இருந்தவர், டி.வி. பார்த்துக்கொண்டே பித்தானை அமுக்கியவர் என்று அவர் பெண்டாட்டியே காய்கறிக் கடையில் சொன்னாள். டிரஸ்டுக்கு அதெல்லாம் எட்டவில்லை.

கார்த்திகை மாதத்து மழையில் ஒரு விடியற்காலை சாமி கட்டிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ அப்போதுதான் வந்ததாம், ஆறவில்லையாம். சமாதி அடைந்தவரை எரிக்கக் கூடாது. ஒன்பதடிக் குழியில் சம்மணமிட்டு உட்காரவைத்து, விபூதி, கல் உப்பு, வில்வம், கற்பூரம் எல்லாம் போட்டு மூட வேண்டும். காரியம் முடியும்வரை நாமம் அறுபடவே கூடாது. வெங்கடேசன் ஷிப்ட் போட்டார். ஏ ஷிப்டுக்கு ஆள் வந்தது. பி ஷிப்டில் பாதிப் பேருக்குக் கம்பெனியில் ஓ.டி. சி ஷிப்டுக்கு ஒருவரும் இல்லை. அதனால் சவுண்ட் சர்வீஸ் டில்லிபாபுவைக் கூப்பிட்டு, சங்கத்தார் எப்போதோ பதிவு செய்த நாமத்தை எட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். மெஷின் சொன்னதையும் கரும்பலகையில் சேர்த்தார்கள். கணக்கு முதல்முறையாக இலக்கைத் தாண்டியது.

குழிதான் சங்கடம் பண்ணியது. ஏரி நிரம்பியிருந்த சமயம். நாலடி தோண்டியதுமே ஊற்றடித்தது. ஜே.சி.பி. வைத்து இரண்டு இடத்தில் தோண்டினார்கள், இரண்டும் சரிந்தன. பக்தர்களில் இன்ஜினியர்கள் மட்டும் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் கூடி, பேப்பரில் படம் போட்டு, மத்தியானம்வரை பேசி, கடைசியில் ஒருமனதாக நாகப்பனுக்குப் போன் போட்டார்கள்.

ஆறடி அகல உறைகள் டெம்போவில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் 'செப்டிக்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. வெங்கடேசன் முகம் சுளித்து, சந்தனத்தைக் குழைத்து எழுத்தின்மேல் பூசச் சொன்னார். "இனிமே இதுக்கு உறைன்னு சொல்லாதீங்க. சமாதி வளையம்" என்றும் உத்தரவு போட்டார். நாகப்பன் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒன்பது வளையத்தையும் சாயங்காலத்துக்குள் இறக்கி, தண்ணீரை இறைத்து, அடியில் ஜல்லி போட்டுக் கெட்டித்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முகூர்த்தம். இப்போது இன்னொரு சிக்கல் வந்தது. யாராவது உள்ளே இறங்கி, உப்பு மார்பளவு வரும்வரை சாமியின் திருமேனியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மூத்த சீடருக்குக் கிடைக்கிற பாக்கியம். மூத்த சீடருக்கு முட்டிவலி. அடுத்தவருக்கு பி.பி. அதற்கடுத்தவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை என்று கண்கலங்கினார். தகுதி வராதவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர, முன்னால் மிஞ்சியவன் நாகப்பன்.

ஆனால் உபதேசம் வாங்காதவன் எப்படித் தொடலாம்? மூன்று வருஷமாக உபதேசம் கேட்டு டிரஸ்டில் பேர் கொடுத்திருந்தவன்தான் அவன். லிஸ்டில் இருக்கிறது, லிஸ்டில் இருக்கிறது என்றே சொல்லிவந்தார்கள். வெங்கடேசன் ஒரு நிமிஷம் யோசித்தார். "டெம்பரரி பேசிஸ்ல குடுத்துடலாம். இன்னிக்கு ஒருநாள் மட்டும் செல்லும்" என்றார். சுற்றுவட்டாரத்தில் எல்லா வேலையும் காண்ட்ராக்ட் ஆனபிறகு சன்னியாசம் மட்டும் என்ன பாவம் செய்தது? நாகப்பனைக் குளிக்கவைத்து, புதுக் காவி வேட்டி கட்டி, காதில் ஓதினார்கள்.

"உள்ள போனா நம்ம சங்க நாமம்தான் சொல்லணும்ப்பா. முருகா கிருகான்னு மாத்தக் கூடாது" என்றார் வெங்கடேசன்.

நாகப்பன் பெண்டாட்டியிடம் வந்தான். "இன்னாமே பண்றது?"

"நீ முருகான்னே சொல்லு. மேல வந்தப்புறம் அவங்க சொல்றதைச் சொல்லிக்கோ" என்றாள் காந்திமதி. "அப்புறம், உள்ள புகை, நெருப்பு ஒன்னும் வரக் கூடாது. நான் அந்தாளுகிட்ட சொல்லிட்டு வரேன்."

போய்ச் சொன்னாள். வெங்கடேசன் செல்போனில் எழுதிக்கொண்டார். "சேஃப்டி பாயின்ட். நோட் பண்ணிட்டேன்மா. ஆனா ஒண்ணு, சமாதிக் குழிகிட்ட லேடீஸ் நிக்கிற வழக்கம் இல்ல. கயித்தை நம்ம ஆளுங்க பிடிப்பாங்க."

"வழக்கம் உங்க வூட்டோட வெச்சுக்கோங்க சார். கயித்தை வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். இல்லன்னா அந்தாளு எறங்க மாட்டாரு. உங்கள்ல யாருக்குத் தகுதி வந்துச்சுன்னு மறுபடியும் விசாரிச்சுப் பாருங்க."

விசாரிக்கத் தேவைப்படவில்லை. குழியிலிருந்து இருபதடி தள்ளி ஒரு துணித் தடுப்புக் கட்டி, அதற்குப் பின்னால் அவளை உட்காரவைத்தார்கள். குழிமேல் நட்ட மூங்கில் முக்காலியில் கப்பி; நாகப்பன் இடுப்பில் கட்டிய கயிறு கப்பி வழியாகத் தடுப்பைத் தாண்டி அவள் கைக்கு வந்தது. அவள் தலைக்கு நேர் மேலே டில்லிபாபுவின் ஸ்பீக்கர்.

சாமியைத் துணித் தூளியில் வைத்து இறக்கினார்கள். நாகப்பன் பின்னால் நின்று இரண்டு தோளையும் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வில்வம் விழுந்தது. விபூதி விழுந்தது. மூட்டை மூட்டையாக உப்பு விழுந்தது. நடுநடுவே கற்பூரக் கட்டிகளைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துக் கொட்டினார்கள். ஆரம்பத்தில், ஸ்பீக்கர் ஒரு 'நமசிவாய'வை முடித்து அடுத்ததை எடுக்கும் இடைவெளியில், காந்திமதிக்கு 'முருகா' கேட்டது. அந்த இடைவெளியிலேயே காதை வைத்திருந்தாள். பிறகு கூட்டம் நெருங்கியது, மேளம் சேர்ந்தது, உணர்ச்சிவசப்பட்ட யாரோ சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். இடைவெளி அடைபட்டது.

ஒரு மூச்சு விட்டாள். கேட்கவில்லை. இரண்டாவது மூச்சு. தடுப்புத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். மூத்த சீடர் குழி விளிம்பில் நின்று ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர், தட்டைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். எரிகிற கட்டி ஒன்று நழுவி உள்ளே விழுந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

குப்பென்று வெளிச்சம் எழுந்தது. அடுத்த கணம் கருகருவென்று புகை.

"ஜோதி! ஜோதி தெரியுது!" என்று ஒருவர் அலறினார். நானூறு பேரும் போனைத் தலைக்குமேல் தூக்கினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் பாதி, வீடியோ எடுத்தவர்கள் மீதி. குழிக்குள் ஓர் உயிருள்ள ஆள் இருக்கிறான் என்பது அந்த நானூறு பேரில் ஒருத்தர் மனசிலும் இல்லை.

காந்திமதி கயிற்றை இழுத்தாள். வரவில்லை. உப்பு அவனுடைய தொடைவரை ஏறியிருந்தது. ஒருத்தி இழுத்து வருகிற கனமில்லை. "யாராவது கை குடுங்கய்யா! ஆளு உள்ள கீறாரு!" என்று கத்தினாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ குழி பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு செவிட்டுக் குழியை அவள் பார்த்ததில்லை. கயிற்றைப் பக்கத்துப் பனைமரத்தில் கட்டிவிட்டு டில்லிபாபுவிடம் ஓடினாள்.

"டில்லி, சத்தத்தை நிறுத்து!"

"அக்கா, அகண்ட நாமம்க்கா. அறுக்கக் கூடாது. தலைவர் சொல்லாம கை வெக்க மாட்டேன்."

தலைவர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும் பித்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. காந்திமதி அவரிடம் போகவில்லை. ஜெனரேட்டரிலிருந்து வந்த தடி வயரைக் காலால் மிதித்து, இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தாள்.

எட்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் செத்தன. மேளக்காரர்கள் திகைத்துக் கையை நிறுத்தினார்கள். அப்போது ஒரு சங்கதி வெளிப்பட்டது. அந்த மைதானத்தில் ஒருத்தர்கூட நாமம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மெஷின் சொல்கிறதே என்று எல்லோரும் சும்மா நின்றிருக்கிறார்கள். நானூறு பேர், நானூறு எண்ணும் மெஷின், ஒரு வாய் அசையவில்லை. மழைத்தண்ணீர் பந்தலிலிருந்து சொட்டுவது கேட்டது.

குழியிலிருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

காந்திமதி ஓடிப்போய் விளிம்பில் விழுந்து தலையை உள்ளே நீட்டினாள். புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போது அவள் வாயிலிருந்து வந்தது, ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும் கேட்டபோதுகூட வராத பேர். பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுக்க, இவள் தலையை மட்டும் ஆட்டுகிற பேர்.

"நாகப்பா!"

கூட்டத்தில் சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் விடவில்லை.

"நாகப்பா! டேய் நாகப்பா! சொல்லுடா! நாகப்பா!"

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அடியிலிருந்து இருமல். இருமலுக்கு நடுவே, உப்புத் தின்ற தொண்டையில், "...ருகா."

"கீறாரு! இழுங்கய்யா!" என்று அவள் அலறிய அலறலில் பி.பி. முட்டிவலி எல்லாம் மறந்து பத்துப் பேர் கயிற்றில் தொங்கினார்கள். நாகப்பன் அரைக்கால் சட்டையோடு மேலே வந்தான். காவி வேட்டி இல்லை. சாமிமேல் தீ படாமலிருக்க அதை அவிழ்த்துப் போட்டு அணைத்திருக்கிறான். கொட்டகை வாசலில் தூக்கிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். காந்திமதி அவன் நெஞ்சில் கையை வைத்து முழுசாக ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெங்கடேசன் செல்போனோடு வந்து சேர்ந்தார். "டவுன் டைம் பதினோரு நிமிஷம்" என்றார், அவளைப் பார்க்காமல். "ரெண்டு நாளா அறாம போய்க்கிட்டிருந்தது. கோடி நாமம் டச் பண்ற நேரம். இப்போ முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஏம்மா, வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுது அறுந்தா டில்லி வயரைச் சொருவுவான், வந்துடும்" என்றாள் காந்திமதி, மூக்கைச் சிந்திக்கொண்டு. "போய்ச் சொருவச் சொல்லுங்க."

சொருகினார்கள்; வந்துவிட்டது. மிச்ச உப்பையும் போட்டுக் குழியை மூடினார்கள். பிடித்துக்கொள்ள ஆளில்லாததால் சாமி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டார். அது ஏரியைப் பார்த்து அருள்பாலிக்கிற கோலம் என்று டிரஸ்டில் தீர்மானம் ஆயிற்று. அறிக்கையில் 'பெண்மணி ஒருவரால் மின்தடை' என்று எழுதினார்கள். வீடியோ எடுத்தவர்கள் ஜோதி வரை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டார்கள். நாகப்பனுக்குக் கொடுத்த உபதேசம் அன்று மாலையோடு காலாவதி ஆனது.

வீட்டுக்குப் போக டெம்போவில் ஏறினார்கள். பின்னால் காலியாக இருந்த இடத்தில் நாகப்பன் சாய்ந்து உட்கார்ந்தான். காதிலும் மீசையிலும் விபூதி. பகல் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, கரகரத்த குரலில் அவன் கேட்டான்:

"காந்தி, உள்ள எனக்கு ஒன்னுமே தெரியல. கண்ணு கட்டிக்கினு போச்சு. வாயும் வரல. அப்ப மேலேர்ந்து யாரோ கூப்ட்டாப்ல இருந்துச்சு. எம் பேரைச் சொல்லி."

"பேசாத. தண்ணியைக் குடி."

"குடிக்கிறேன். யாரு கூப்ட்டது?"

காந்திமதி அவன் மீசையிலிருந்த விபூதியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் பேரை எவ கூப்புடுவா? அங்க எல்லாரும் சாமி பேரைத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க" என்றாள். "நானும் அதைத்தான் சொன்னேன்."